மாப்பிள்ளை வீட்டு இசைத்தட்டுக்கு நான் வைத்த குங்குமம்

செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். ஓர் இசைத்தட்டை வாங்கி வைத்து, அதை மகளைக் கேட்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என்னைத் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூரில், தோ பாயோ அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் குடியிருந்தோம். நான், மனைவி பாக்கியம், மகள் வசந்தி. எனக்குக் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் ஒழுங்கு நிற்கவில்லை. போல்ட் வைக்கும் பெட்டியில் ஒரு நட் கிடந்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. எதை எடுத்தாலும் முறையாகச் செய்வேன். என் வாழ்க்கையில் நடந்த நாசங்கள் அத்தனையும் முறையாகச் செய்யப் போய் நடந்தவைதான்.

வசந்தி பேங்கில் டைப்பிஸ்ட். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்த வரன்களை எல்லாம் போட்டோ பார்த்த வேகத்திலேயே "வேணாம்ப்பா" என்று தள்ளிக்கொண்டிருந்தாள். குவீன்ஸ்டவுனிலிருந்து சேகர் என்கிற பையனின் போட்டோ வந்தது. வேணாம் என்று சொல்லவில்லை. போட்டோவையும் திருப்பித் தரவில்லை. அது அவளுடைய ஆபீஸ் கைப்பையில் இருந்ததைப் பாக்கியம் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னாள்.

"என்னங்க, இந்தப் பையனைக் கெடுத்துறாதீங்க."

நான் என்ன கெடுக்கப் போகிறேன்? வாயே திறக்காத மனிதன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சேகருடைய அப்பா கண்ணையா வந்தார். கையில் சதுரமாக ஓர் அட்டை உறை. அட்டையில் தண்ணீர் இல்லாத நீச்சல் குளம், அதன் நடுவில் ஒரு நாற்காலி. ஆள் இல்லை. எழுத்தும் பெரிதாக இல்லை.

"அண்ணே, ஜாதகம் பொருந்திருச்சு. எங்களுக்குப் பூரண சம்மதம். பையனுக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம்."

பையன்களுடைய சின்ன விஷயங்கள் எப்படி இருக்கும் என்று நாலு இடத்தில் கேள்விப்பட்டிருக்கிறேன்.

"இந்த ரெக்கார்டை உங்க பொண்ணு கேக்கணுமாம். கேட்டுட்டு என்ன தோணுதோ அதைச் சொல்லணுமாம். அவ்வளவுதான்."

"என்ன பாட்டுங்க?"

"ராக் பாட்டுன்னு சொல்றான். ஆனா உள்ள ஜாஸ் இருக்காம். ஸ்டூடியோவுல வருஷக்கணக்கா உக்காந்து ஒவ்வொரு சத்தத்தையும் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்காங்களாம். எனக்கு எங்க புரியுது? வீட்டுல சேவல் கூவுற மாதிரி ஒண்ணு ஊதிக்கிட்டே இருக்கு."

போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பொண்ணு வீட்டுல குடுத்தோம். ரெண்டு பேருமே 'ரொம்ப நல்லாருக்கு'ன்னு சொன்னாங்க. இவன், 'அவங்க கேக்கவே இல்ல, எனக்கு வேணாம்'ன்னுட்டான். பாத்துக்குங்க அண்ணே. ஆங், இன்னொண்ணு. ரெக்கார்டு பத்திரம். அவங்கம்மாவைக்கூடத் தொட விடமாட்டான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த முதல் பொருள். அதை அப்படியே அலமாரியில் தூக்கிப் போட நாங்கள் என்ன முறை தெரியாதவர்களா? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், நடுவில் ரெக்கார்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள் பாக்கியம்.

"அட்டை ஓரத்துல ஒரு பொட்டு வெச்சிருங்க, போதும்" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனாள்.

அட்டையிலா? நான் யோசித்தேன். நான் யோசிக்கும்போது யாராவது வந்து தடுக்க வேண்டும். யாரும் வரவில்லை.

அட்டை என்பது காகிதம். காகிதம் எண்ணெயையும் நிறத்தையும் குடிக்கும். வைத்த பொட்டு போகவே போகாது. உள்ளே இருக்கும் கறுப்புத் தட்டோ வழவழவென்று இருக்கிறது. துடைத்தால் போய்விடும். ஆகவே அறிவுள்ளவன் எங்கே வைப்பான்?

தட்டை வெளியே எடுத்தேன். சந்தனம் குழைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, எட்டுத் திசைக்கும் எட்டுப் பொட்டு. இடைவெளி பிசகாமல். திருப்பிப் போட்டு மறுபுறமும் அதே மாதிரி. லட்சணமாக இருந்தது. கல்யாணப் பெண்கூட அவ்வளவு லட்சணமாக இருக்கமாட்டாள்.

பாக்கியம் வந்து பார்த்துவிட்டு, "பாட்டு வர்ற இடம் அதுதானே?" என்று கேட்டாள்.

"துடைச்சா போயிரும்."

"போயிருமா?"

"போயிரும்னா போயிரும்."

வசந்தி பேங்குக்குப் போய்விட்டாள். பாக்கியம் கோயிலுக்குப் போனாள். எனக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட் என்பதால் பகலில் வீட்டில் இருந்தேன். துணியை எடுத்துத் துடைத்தேன்.

குங்குமம் போனது. எங்கே போனது? அந்த நுணுக்கமான கோடுகளுக்குள் போனது. எட்டுப் பொட்டாக இருந்தது இப்போது தட்டு முழுக்க ஒரே பொட்டாக ஆகிவிட்டது. சந்தனமோ காய்ந்து சிமெண்டாக உட்கார்ந்திருந்தது.

ஈரத்துணி போட்டேன். சேறானது. பல் துலக்கும் பிரஷ் போட்டேன், பழையது இல்லை, புதிதாக எடுத்துப் போட்டேன். நுரை வரும்படி சவர்க்காரம் போட்டேன். கடைசியில் குழாயடியில் வைத்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் ஊற்றிக் குளிப்பாட்டிவிட்டேன். முக்கால்வாசி போனது. ஓரத்தில் இலேசாக ஒரு மஞ்சள் பூத்திருந்தது. மங்களகரமாகத்தான் இருந்தது.

குளிப்பாட்டிய பொருளை ஈரத்தோடு உறைக்குள் போடலாமா? போட்டால் அட்டை ஊறும். முறைப்படி காயவைக்க வேண்டும்.

எங்கள் வீடுகளில் காயவைப்பது எங்கே? சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில். என் இரண்டு வேட்டிகளுக்கு நடுவில் ரெக்கார்டைத் தொங்கவிட்டேன். பத்தாவது மாடி, காற்றடிக்கும், விழுந்தால் கீழே போகிறவர் தலை போகும் என்று எண்ணி நாலு கிளிப் போட்டேன். பாதுகாப்பில் நான் குறை வைப்பதில்லை.

எதிர் பிளாக்கில் துணி எடுத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப அதைப் பார்த்தார். மலாயில் கத்திக் கேட்டார், "அதையும் துவைப்பீர்களா?"

எனக்கு வெட்கம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இரவு வேலை பார்த்த களைப்பில் சற்றுப் படுத்தேன்.

எழுந்து வந்து பார்த்தால், அப்பளம்.

பொரித்த அப்பளம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். எண்ணெயில் போட்டு, முதல் குமிழ் எழும்பும்போதே பயந்து எடுத்துவிட்ட அப்பளம். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. மதிய வெயில் தன் வேலையைச் செய்திருந்தது. கிளிப் நான்கும் அப்படியே உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

வசந்தியின் கைப்பையும் அதற்குள் இருந்த போட்டோவும் கண்முன் வந்தன. 'இந்தப் பையனைக் கெடுத்துறாதீங்க' என்ற குரலும் வந்தது.

வளைந்ததை நிமிர்த்துவது எப்படி? பாரம் வைக்க வேண்டும். பட்டறையில் தகரம் வளைந்தால் அப்படித்தான். இரண்டு பலகைகளுக்கு நடுவே தட்டை வைத்து, அதன் மேல் அரிசி மூட்டையை ஏற்றினேன். மூட்டையின் மேல் நானும் உட்கார்ந்தேன். கோயிலிலிருந்து வந்த பாக்கியம் பிரசாதத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க அரிசி மேல உக்காந்திருக்கீங்க?"

"இடுப்பு வலி."

"நாற்காலி இருக்கே."

"இதுதான் சுகமா இருக்கு."

சனிக்கிழமை மதியம் எடுத்துப் பார்த்தேன். பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியும் மேடு ஒன்றுதான் மிச்சம். எங்கள் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. அரைநாள் வேலை முடிந்து வந்த வசந்தியை அழைத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஹமீது பாய் பாட்டுக் கடை வைத்திருந்தார். தமிழ் சினிமாப் பாட்டு, நாகூர்ப் பாட்டு, ஐயப்பன் பாட்டு எல்லாம் கிடைக்கும். நாங்கள் கொண்டுபோனது மட்டும் கிடைக்காது.

பாய் தட்டைச் சுழலவிட்டார். ஊசியை வைத்தார். ஊசி மேட்டில் ஏறி இறங்கியது, அலையில் போகும் சம்பான் படகுபோல.

டொக்.

பாய் என்னைப் பார்த்தார். நான் வசந்திக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பினேன். நல்ல மனிதர். வாயை மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டொக். நடுவில் கிட்டார் வந்தது. பியானோ மாதிரி ஒன்று, கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டி உருள்வதுபோல் வந்தது. பிறகு அந்த ஊதுகுழல் வந்தது. வந்த வழியில் போகாமல் சந்துக்குள் நுழைந்தது, மாடியேறியது, இறங்க மறந்தது.

எனக்கு வியர்த்துவிட்டது. மெதுவாகப் பாயின் காதில் கேட்டேன்.

"பாய், இது நான் கெடுத்ததா, அவங்களே இப்படித்தானா?"

"டொக்கு உங்களுது. மத்ததெல்லாம் அவங்களுது."

"நிச்சயமாத் தெரியுமா?"

"இல்ல" என்றார் பாய்.

வசந்தி கன்னத்தில் கை வைத்து இரண்டு பக்கமும் கேட்டாள். முடிந்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. அவளை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, "ஒரு வேலை இருக்கு" என்று ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் போனேன்.

அங்கே குளிர்சாதனம் போட்ட பெரிய ரெக்கார்டு கடை. நான் வாசலில் நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசித்து, இரண்டு முறை கடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். கல்லாவில் தலைமுடி வளர்த்த சீனப் பையன். அட்டையைக் காட்டினேன்.

"ஓ, குட் டேஸ்ட் லா, அங்கிள்!" என்றான்.

அதே அட்டை, புதிது, எடுத்து வந்தான். போட்டுக் காட்டச் சொன்னேன். டொக் இல்லை. தரை துடைத்த ஆஸ்பத்திரி மாதிரி அத்தனை சுத்தம். ஆனால் ஊதுகுழல் மட்டும் அதே சந்துக்குள் நுழைந்தது.

"திஸ் பார்ட், ஸ்பாயில் ஆ?" என்று கேட்டேன்.

"நோ லா அங்கிள். தட் ஒன் ஜாஸ்."

எவ்வளவு நிம்மதி! அந்த ஊதுகுழலுக்கு நான் பொறுப்பில்லை. விலையைச் சொல்லமாட்டேன். பாக்கியமும் இதைப் படிப்பாள்.

வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காமல் புதுத் தட்டைச் சேகருடைய பழைய உறைக்குள் போட்டேன். பழைய தட்டைப் புது உறைக்குள் போட்டேன். மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளும் குழாயில் தள்ளப் பார்த்தேன். நுழையவில்லை. உடைக்க மனம் வரவில்லை, குங்குமம் வைத்த பொருள். திரும்பவும் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். நேர்த்தியான வேலை. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். கண்ணையா, அவர் மனைவி, சேகர். பையன் சபாரி சூட் போட்டிருந்தான். கையில் பூவும் இல்லை, பழமும் இல்லை. பெட்டி மாதிரி ஒன்று. திறந்தால், கையில் தூக்கிப் போகும் ரெக்கார்டு பிளேயர்!

கேசரி வந்தது. வடை வந்தது. வசந்தி வந்தாள். நான் பழைய உறையில் இருந்த புதுத் தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினேன். பையன் வாங்கிக்கொண்டு நேராக வசந்தியைக் கேட்டான்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பெரிய ஹோட்டல் வாசல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. எல்லாமே பளபளன்னு. எங்க கால் வைக்கிறதுன்னே தெரியல."

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணையா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் வடையைக் கடித்தேன்.

"ஆனா அந்த டொக் டொக் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றாள் வசந்தி.

கடித்த வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"எந்த டொக் டொக்?"

"பாட்டு முழுக்க வருமே. யாரோ வெளிய நின்னு கதவைத் தட்டற மாதிரி. அது இருந்ததாலதான் எனக்கு முழுசாக் கேக்க முடிஞ்சுது."

"எந்தப் பாட்டுல?"

"எல்லாப் பாட்டுலயும்."

சேகர் அவளைப் பார்த்தான். பெட்டியைத் திறந்து தட்டைப் போட்டான். ஆஸ்பத்திரிச் சுத்தம். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். டொக் வரவில்லை. நான் மனத்துக்குள், ஒரே ஒரு டொக், முருகா, என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்கும் அன்று விடுமுறை.

சேகருடைய அம்மா புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னார், "பாவம், பேங்குல வேல ஜாஸ்தி. கேக்க நேரம் கிடைச்சிருக்காது."

வசந்தியின் முகம் சிவந்துவிட்டது. "நான் கேட்டேன். ரெண்டு பக்கமும் கேட்டேன். அப்பா, நீங்களும் கூடத்தானே இருந்தீங்க? சொல்லுங்கப்பா."

ஆறு பேர் இருந்த அறையில் ஐந்து பேர் என்னைப் பார்த்தார்கள். சேகர் பிளேயரின் மூடியில் கை வைத்துவிட்டான். மூடினால் முடிந்தது. என் மகள் வாழ்நாளில் ஒரே ஒரு பையனின் போட்டோவைத்தான் வைத்துக்கொண்டாள். அவன் முன்னால் பொய்க்காரி ஆகிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்!

நான் பேச வாய் திறந்தேன். வரவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் என்றைக்கு வந்தது? எழுந்து சமையலறைக்குப் போனேன்.

"எங்கங்க போறீங்க?" என்றாள் பாக்கியம்.

அரிசி மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. தனியாக ஏற்றிய மூட்டை, தனியாக இறங்கவில்லை. பயம் வந்தால் எனக்குப் பலம் போய்விடும். பின்னால் காலடிச் சத்தம்.

"என்ன அங்கிள், நான் பிடிக்கட்டுமா?"

சேகர். சபாரி சூட்டோடு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினான். அடியில் பலகை. பலகைக்கு அடியில் தண்ணீர் இல்லாத நீச்சல் குளமும் ஒற்றை நாற்காலியும்.

அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்த் தட்டைப் போட்டான்.

ஊசி மேட்டில் ஏறியது.

டொக்.

"இதுதான்! இதுதான்!" வசந்தி கத்தியே விட்டாள்.

சேகர் குனிந்து கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பாட்டு முழுவதும் கேட்டான். பிறகு மூக்கைச் சுருக்கினான்.

"அங்கிள், இது என்ன சந்தன வாசம்?"

"மாப்பிள்ளை வீட்டுப் பொருள்... வெள்ளிக்கிழமை... பொட்டு..." என்றேன். அவ்வளவுதான் வந்தது. மீதியைப் பாக்கியம் ஊகித்துவிட்டாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பொட்டு வெச்சீங்களா? சரி. அப்புறம்?" என்றான் சேகர்.

"கழுவினேன்."

"சோப்பு போட்டா?"

தலையாட்டினேன்.

"காயவெச்சீங்களா?"

"கழியில."

"வெயில்ல."

"நாலு கிளிப் போட்டேன்" என்றேன். ஒரு நல்ல காரியமாவது கணக்கில் வரட்டும் என்று.

"ஏன் அங்கிள், எண்ணெய் மட்டும் தேய்க்காம விட்டுட்டீங்க?"

கண்ணையா முதலில் வெடித்தார். சிரித்த சிரிப்பில் கேசரி புரையேறியது. சேகருடைய அம்மா சிரிக்கவில்லை. தட்டின் ஓரத்து மஞ்சளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க வீட்டுலேருந்து வந்ததுன்னு இதுக்குக்கூடக் குங்குமம் வெச்சிருக்காங்க. இவன் என்னைத் தொடக்கூட விட்டதில்ல."

சேகர் வசந்தி பக்கம் திரும்பினான்.

"அந்த டொக் தாளத்துல விழல, கவனிச்சீங்களா?"

"தாளத்துக்கு நடுவுல விழுது" என்றாள் அவள்.

"அத்தனை பேர் வருஷக்கணக்கா உக்காந்து துடைச்சாங்க. ஒருத்தருக்கும் இது தோணல, பாருங்க."

அவ்வளவுதான். அதன் பிறகு எங்கள் யாரையும் அவர்கள் இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கல்யாணத் தேதியைப் பேசி முடித்தோம். பின்னணியில் டொக், டொக் என்று கெட்டிமேளம்.

புறப்படும்போது சேகர் பழைய தட்டைத்தான் எடுத்துப் போனான். பளபளக்கிற புதுசை, "இது உங்களுக்கு அங்கிள்" என்று என்னிடமே கொடுத்துவிட்டான். எங்களிடம் பிளேயர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த வரிசையில், வானொலியும் பிளேயரும் சேர்ந்த பெரிய பெட்டி ஒன்று வந்தது. நான் குங்குமக் கிண்ணத்தை எடுத்தேன். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து மாப்பிள்ளை மாலையோடு ஓடி வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குக் குங்குமம் வைக்கும் அனுமதி என் நெற்றி வரைக்கும்தான்.